கடைசியாகப் பார்த்தவர்

அன்புள்ள அக்காவுக்கு,

பல வருஷமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் தெருவில் 74 வயது அம்மா ஒருவர் தனியாக இருந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் வெளிநாட்டில். பதினெட்டு நாளாக அவரைக் காணவில்லை. வீடு வெளியே பூட்டியிருந்தது, உள்ளே எதுவும் கலையவில்லை. மகன் வந்து போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. முதல் வாரம் மகன்தான் சொத்துக்காக ஏதோ செய்துவிட்டான் என்றார்கள். அப்புறம் அந்த வீட்டை விலைக்குக் கேட்டு வந்த தரகர் என்றார்கள். இப்போது அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண். "சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத்தானே தெரியும்" என்று ஒருவர் எழுத, அவள் படத்தையே போட்டுவிட்டார்கள். நானும் அதை வேறு இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். அவள் வேலை பார்த்த நாலு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீடும் அதில் ஒன்று. அவளுடைய மகள் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆனால் நிஜமாகவே அவள்தான் செய்திருந்தால்? எச்சரிக்கையாக இருப்பது தப்பா அக்கா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, தஞ்சை மாவட்டம்)

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை தப்பே இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். ஐந்து மாதம் கழித்து சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். இரண்டிலும் ஒரே ஆட்களுக்குத் தொடர்பு என்று பிற்பாடு போலீஸ் அறிவித்தது. ஒதுக்குப்புறத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களை நகைக்காகக் கொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் நீங்கள் அந்தக் குழுக்களுக்கு அனுப்பியது எச்சரிக்கை இல்லை. ஒரு பெண்ணின் படம். அதைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக் கதவைச் சரியாகப் பூட்டினார்களா என்பது தெரியாது. அவருக்குத் திறந்திருந்த நாலு கதவுகள் மூடிக்கொண்டன.

என் பெரியம்மா ஒருமுறை காணாமல் போனார். அதைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

பெரியப்பா பட்டுக்கோட்டையில் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு பெரியம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி. அண்ணிதான் தினமும் மதியம் குழம்போ ரசமோ தூக்கில் ஊற்றிக்கொண்டு போவார். ஒரு பிப்ரவரி மாதம், சனிக்கிழமை, தூக்கோடு போனவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி வந்தார். சாயங்காலத்துக்குள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருபது பேர். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தார்கள், கொள்ளிடக் கரையில் தேடிவிட்டு வந்தார்கள். அப்புறம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள்.

என்ன பேசினார்கள் என்பதை எழுதவே கூசுகிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் போன மாதம் சண்டையாமே. வீட்டை யார் பேரில் எழுதுவது என்று பேச்சு நடந்ததாமே. அவர் கடைசியாகச் சாப்பிட்டது யார் கொண்டுபோன சாப்பாடு? கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அண்ணி அந்தப் பக்கம் நின்று அத்தனை பேருக்கும் காபி கலந்துகொண்டிருந்தார்.

மறுநாள் மூன்று மணி இருக்கும். தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அண்ணி என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கொடியில அந்த மெரூன் சுங்குடிச் சேலை இல்லடி. அது அத்தை ஆபீஸுக்கு மட்டும் கட்டுற சேலை. டிரங்குப் பெட்டியில பென்ஷன் புத்தகமும் இல்ல." நேற்றே வீட்டைத் திறந்து பார்த்தபோது கவனித்துவிட்டாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னை யாரு கேட்டா?" என்றார்.

குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் அப்போதெல்லாம் வருஷம் ஒருமுறை கருவூலத்துக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டவேண்டியிருந்தது. நேர்காணல் என்பார்கள். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பெரியம்மாவுக்கு மாதம் குழம்பிவிட்டது. ஊரும் குழம்பிவிட்டது. பெரியப்பா இருந்த காலத்தில் பழகிய பட்டுக்கோட்டைக்கே பஸ் ஏறிவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் அங்கே போய்ச் சேர்ந்தபோது, கருவூலத்துக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்கிற ஒரு அம்மாவின் வீட்டு வாசலில், மடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் பென்ஷன் புத்தகம், இரண்டு போட்டோ, ஒரு சில்வர் டம்ளர். "திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கட்டும்" என்று பூக்கார அம்மா அவரைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்திருக்கிறார்.

பெரியம்மா வீடு திரும்பினார், எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணியிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. ஆனால் நாங்கள் யார் போனாலும் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். உட்கார்ந்து பேசுவது அன்றோடு நின்றது.

உங்கள் தெருவிலும் இதேதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக வாழ்கிற வயதானவரின் வாழ்க்கைக்குள் தினமும் போய்வருகிறவர் ஒருவரோ இருவரோதான். அந்த வயதானவர் காணாமல் போனால் நம் கண்ணில் படுவதும் அந்த ஒருவர்தான். சாவி தெரிந்தவர், அலமாரி தெரிந்தவர், அவர் எத்தனை மணிக்கு எழுவார் என்று தெரிந்தவர். இவ்வளவு தெரிந்திருப்பதே குற்றத்துக்கு அடையாளமாகத் தெரிகிறது. நமக்கோ அந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது. அந்தப் பள்ளத்தைத்தான் கதை போட்டு நிரப்புகிறோம். கடைசியில், தேடுவதற்கு உதவக்கூடிய ஒரே ஆளின் வாயை அடைத்துவிடுகிறோம்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் லங்காஷயரில், ஆற்றங்கரையில் நாயோடு நடக்கப் போன 45 வயதுப் பெண் ஒருவரைக் காணவில்லை. அவருடைய போன் பெஞ்சில் கிடந்தது. ஆற்றில் விழுந்திருக்கலாம் என்று போலீஸ் ஆரம்பத்திலேயே சொன்னது. யாரும் கேட்கவில்லை. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வீடியோ எடுக்க அந்தச் சின்னக் கிராமத்துக்கு வந்தார்கள். அவரோடு வாழ்ந்தவர் மேலேயே சந்தேகம் போனது. மூன்று வாரம் கழித்து ஆற்றிலேயே உடல் கிடைத்தது. விபத்து என்று விசாரணையில் முடிவானது.

நம் ஊரில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2018 மே 9, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலைத் தேடிக் காரில் வந்தது. வழியில் இருந்த குழந்தைகளுக்கு அவர்கள் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று அந்தப் பக்கமெல்லாம் வாட்ஸப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார், கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சாக்லேட். அந்த ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வாட்ஸப் வரம்பு கொண்டுவந்தது. நீங்கள் அனுப்பியது இரண்டு இடத்துக்கு, அந்த வரம்புக்கு உள்ளேதான். அந்த இரண்டு குழுவிலும் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

சரி, இனி செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

74 வயதுக்காரர் காணாமல் போனால் முதலில் நினைக்கவேண்டியது மறதி நோய். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் அது இருக்கிறது, ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்று 2023இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கூடவே ஆள் இல்லாவிட்டால் அது வந்ததே வெளியே தெரியாது. மறதி நோய்தான் வேண்டும் என்றுகூட இல்லை. சோடியம் குறைந்தாலோ சிறுநீரில் தொற்று இருந்தாலோ நன்றாக இருந்த வயதானவர்களுக்கு ஓரிரு நாளில் புத்தி தடுமாறும். இன்றைக்கு என்ன கிழமை என்று நாலு தடவை கேட்டாரா, குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டாரா, இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மகனுக்குத் தெரியாது, அவர் வாரம் ஒருமுறை வீடியோவில் பார்த்தவர். பாத்திரம் தேய்த்தவருக்குத் தெரியும்.

அவர் நர்ஸாக இருந்தார் என்கிறீர்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியில்? என் பெரியம்மா பட்டுக்கோட்டைக்குப் போனதுபோல அவர் பழைய டியூட்டிக்குக் கிளம்பியிருக்கலாம். இப்படி வழிதவறிப் போகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல சமயம் பதில் கொடுக்கமாட்டார்கள். யாராவது அவரை 108இல் ஏற்றி அனுப்பியிருந்தால், ஏதோ ஒரு அரசு ஆஸ்பத்திரி வார்டில் அடையாளம் தெரியாதவர் என்ற பதிவோடு படுத்திருக்கக்கூடும். மாவட்டத்தை விட்டு வெளியேயும் விசாரிக்கச் சொல்லி மகனிடம் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு, மருந்துக்கடை கேமராக்களில் பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். பதினெட்டு நாள் ஆகிவிட்டது, நாளைக்குள் கேட்டாகவேண்டும். 14567 என்பது முதியோருக்கான உதவி எண், அங்கேயும் சொல்லிவையுங்கள்.

அந்தப் பெண்ணே செய்திருந்தால் என்று கேட்டீர்கள். அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். அவரை விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, கடமையும் உண்டு. உங்களுக்கும் எனக்கும் அந்த அதிகாரம் இல்லை. நமக்கு அவரிடம் உதவி கேட்கிற உரிமை மட்டும்தான் இருக்கிறது, அதையும் நாம்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் முதலில் அந்த இரண்டு குழுக்களிலும் "நான் அனுப்பிய படத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை, தப்பு செய்துவிட்டேன்" என்று உங்கள் பெயரில் எழுதுங்கள். யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நிறுத்திய நாட்களுக்கும் சேர்த்துச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலிலேயே நின்று பேசுங்கள். உடனே பேசமாட்டார். மறுநாளும் போங்கள்.

அவர் பேச ஆரம்பித்தால், யார் மேல் சந்தேகம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கொடியில் எந்தச் சேலை இல்லை, எந்தச் செருப்பு இல்லை, மாத்திரை டப்பா இருக்கிறதா, கடைசி நாள் அந்த அம்மா என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள். கேட்டதை மகனிடமும் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா