வாசகர் கேள்வி பதில்: பிளாஸ்மா குடுக்கப் போறீங்களா?

கேள்வி: சார், ரத்தம் சில தடவ குடுத்திருக்கேன், பயம் இல்ல. இப்ப பிளாஸ்மா குடுக்கக் கூப்பிடுறாங்க. ரத்தம் வெளிய போய் மறுபடி உள்ள வருமாமே, நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு!

பதில்: எல்லாரும் பயப்படுற இடம் அதுதான், ஆனா அந்த திரும்பி வர்றதாலதான் இதுல சோர்வு கம்மி. கையில ஒரே ஊசிதான், அது வழியா ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா மெஷினுக்குப் போகும், அங்க வாஷிங் மெஷின் துணி பிழியற மாதிரி வேகமா சுத்தி ரத்தத்துல இருக்கற திரவமான பிளாஸ்மாவத் தனியா பிரிச்சுட்டு சிவப்பணுக்கள அதே ஊசி வழியா உங்களுக்கே திருப்பிக் குடுத்துடும். இப்படி சில சுத்து நடக்கும், முக்கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும். பையில சேர்றது வெளிர் மஞ்சளா இருக்கும், அதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், மீதி ஆல்புமின்ங்கற புரதம், நோய எதிர்க்கற ஆன்ட்டிபாடி, ரத்தம் உறையறதுக்கான புரதம்னு. முதல் தடவ மட்டும் டெஸ்ட், கேள்வி, ஃபார்ம்னு இன்னும் நேரம் இழுக்கும், அவசர வேலை இருக்கற நாள்ல போகாதீங்க.

கேள்வி: குடுக்கும்போது உதடு மரத்துப் போகும்னு ஃப்ரெண்டு சொல்றான். உண்மையா?

பதில்: உண்மைதான். மெஷினுக்குள்ள ரத்தம் உறைஞ்சிடக் கூடாதுன்னு சிட்ரேட்னு ஒண்ணு கலப்பாங்க, அது கால்சியத்தப் பிடிச்சு வெச்சுக்கும், திரும்பி வர்ற ரத்தத்தோட அதுவும் கொஞ்சம் உள்ள வர்றதால உதடு, விரல் நுனியெல்லாம் குறுகுறுங்கும், சிலருக்கு வாயில இரும்புச் சுவை தட்டும். இதுல நான் கண்டிப்பா சொல்றது ஒண்ணுதான், பல்ல கடிச்சுக்கிட்டு வீரமா படுத்திருக்காதீங்க, உடனே நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க. வேகத்தக் கொறப்பாங்க, கால்சியம் மாத்திரை குடுப்பாங்க, சரியாயிடும். சொல்லாம விட்டாத்தான் கை கால் இழுத்துப் பிடிக்கற அளவுக்குப் போகும். அப்புறம் திரும்பி வர்ற ரத்தம் கொஞ்சம் ஆறிப் போயிருக்கும், அதனால குளிரும், போர்வை கேளுங்க, வெக்கமே வேணாம்.

கேள்வி: முந்தின நாள் என்ன சாப்பிடணும்? வெறும் வயித்துல போகலாமா?

பதில்: கூடவே கூடாது, தலை சுத்தும். நல்லா தண்ணி குடிங்க, நரம்பும் சுலபமா கெடைக்கும். எண்ணெய்ல பொரிச்சத மட்டும் தவிர்த்துடுங்க, கொழுப்பு ஏறின பிளாஸ்மா பால் மாதிரி கலங்கிடும், அத அப்படியே தூக்கிப் போட வேண்டி வரும், உங்க ஒரு மணி நேரமும் வீண்.

கேள்வி: எத்தன நாள்ல மறுபடி குடுக்கலாம்?

பதில்: நாட்டுக்கு நாடு விதி வேற. அமெரிக்காவுல ஏழு நாள்ல ரெண்டு தடவ வரைக்கும் விடுறாங்க, நடுவுல ஒரு நாளாவது இடைவெளி இருக்கணும், பல நாடுகள்ல இதவிட ரொம்ப நிதானம். குடுத்த தண்ணி அளவு ஒண்ணு ரெண்டு நாள்ல ஊறிடும், ஆனா புரதம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது, அதனாலதான் அடிக்கடி குடுக்கறவங்களுக்கு புரத அளவையும் பாக்கறாங்க. என்னக் கேட்டா விதி அனுமதிக்குதேன்னு உச்சபட்சமா குடுக்க வேணாம், உடம்பு அசதியா இருந்தா ஒரு தடவ விட்டுடுங்க.

கேள்வி: ரெண்டு குழந்தை பெத்தவ நான். போனேன், வேணாம்னுட்டாங்க. எனக்கு ஏதாவது வியாதியா?

பதில்: இல்லம்மா, மனச விட்டுடாதீங்க. கர்ப்பமா இருக்கும்போது சில பெண்களுக்கு ஒரு வகை ஆன்ட்டிபாடி உருவாகும், உங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகாது, ஆனா அந்த பிளாஸ்மாவ நேரா நோயாளிக்கு ஏத்தினா அபூர்வமா நுரையீரல் பாதிக்கும். அதனால சில இடங்கள்ல டெஸ்ட் பண்ணிட்டு எடுப்பாங்க, சில இடங்கள்ல எடுக்கறதே இல்ல. முழு ரத்தம் குடுக்கலாமான்னு கேட்டுப் பாருங்க.

கேள்வி: நான் ஓ நெகட்டிவ், யாருக்கு வேணா குடுக்கலாம்ல?

பதில்: சிவப்பணுவுக்கு சரி, பிளாஸ்மாவுக்கு கதை தலைகீழ். இங்க எல்லாருக்கும் பொருந்துறது ஏபி குரூப், ஓ குரூப் பிளாஸ்மாவ ஓ குரூப்காரங்களுக்கு மட்டும்தான் ஏத்துவாங்க. ஆனா மருந்து தயாரிக்கப் போற பிளாஸ்மாவுல ஆயிரக்கணக்கான பேரோடத ஒண்ணா கலந்துதான் இம்யூனோகுளோபுலின் (ஆன்ட்டிபாடி மருந்து), ஆல்புமின், ஹீமோபிலியாங்கற ரத்தம் சரியா உறையாத நோய்க்கான மருந்தெல்லாம் பிரிப்பாங்க, அதுக்கு எந்த குரூப்பா இருந்தாலும் எடுத்துப்பாங்க, தாராளமா போங்க.