ஜப்பானின் சிறிய பனிச்சறுக்கு மையங்களுக்கு ஸ்னோபோர்டு பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

ஜனவரி இறுதியில் பத்து நாள் விடுப்பில் ஜப்பானின் ஹொக்காய்டோ தீவுக்குச் செல்வதாகவும், நிசெகோ போன்ற பெரிய இடங்களைத் தவிர்த்துச் சிறிய பனிச்சறுக்கு மையங்களில் மட்டும் ஸ்னோபோர்டு (இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துச் சறுக்குவது) செய்ய விரும்புவதாகவும், எந்த மையத்தில் எத்தனை இரவு தங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே பயணத்தை நான் மூன்று குளிர்காலங்களில் மேற்கொண்டிருக்கிறேன். முதல் முறை, நான்கு மையங்களில் இரண்டிரண்டு இரவு என்று பிரித்து, எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டிவிட்டுச் சென்றேன். அது பெரிய தவறு. எனவே என் பதில் இதுதான்: எந்த மையத்தில் எத்தனை இரவு என்ற கணக்கையே விட்டுவிடுங்கள். ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துப் பத்து நாளும் அங்கேயே தங்குங்கள். எந்த மலைக்குப் போவது என்பதை அன்றன்று காலையில் முடிவு செய்யுங்கள்.

காரணம் எளிமையானது. பெரிய மையத்தில் காற்று பலமாகி மேல்மட்ட லிஃப்டுகளை (கம்பியில் தொங்கியபடி மலையேற்றும் இருக்கைகளை) நிறுத்திவிட்டாலும், கீழே ஓடுவதற்குப் பத்து லிஃப்டுகளாவது இருக்கும். சிறிய மையத்தில் இருப்பதோ ஒரு கோண்டோலாவும் (கம்பியில் செல்லும் மூடிய சிறு பெட்டிகள்) மூன்று நான்கு லிஃப்டுகளும்தான். கோண்டோலா நின்றால் பாதி மலை கைவிட்டுப் போய்விடும். சில இடங்களில் பலரை ஒன்றாக ஏற்றிச்செல்லும் பெரிய கம்பிப் பெட்டியான ஒரே ஒரு ரோப்வேயைத் தவிர வேறு எதுவுமே இல்லை. என் முதல் பயணத்தில், காற்றின் காரணமாக ரோப்வே நின்றுபோன இரண்டு முழு நாட்களை விடுதி அறையின் சன்னலோரம் உட்கார்ந்தே கழித்தேன். அதே இரண்டு நாட்களும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த இன்னொரு மலை காற்றின்றித் திறந்திருந்தது என்பதும், அங்கே முழங்கால் அளவுக்குப் புதுப்பனி விழுந்திருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தன. பணம் கட்டியாயிற்றே என்ற ஒரே காரணத்துக்காக நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஹொக்காய்டோவில் இப்படித் தங்குவதற்கு நான் பரிந்துரைக்கும் ஊர் அசாஹிகாவா. நியூ சிடோஸே விமான நிலையத்திலிருந்து சப்போரோவுக்கு ரயிலில் ஏறக்குறைய 40 நிமிடம். அங்கிருந்து விரைவு ரயிலில் சுமார் 85 நிமிடத்தில் அசாஹிகாவாவை அடைந்துவிடலாம். டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து வருவதானால், அசாஹிகாவாவுக்கே நேரடி விமானங்கள் உள்ளன. இது சுற்றுலாவுக்கென்று கட்டப்பட்ட ஊர் அல்ல. அலுவலகங்களும் பள்ளிகளும் கடைகளும் நிறைந்த சாதாரண நகரம். அதனால் அலுவல் பயணிகளுக்கான விடுதிகள் நியாயமான விலையில் கிடைக்கின்றன. இரவில் சோயா சாற்றில் செய்த அந்த ஊரின் ராமென் என்னும் நூடுல்ஸ் சூப்பைச் சாப்பிடுவதற்கு முன்பதிவும் தேவையில்லை.

இந்நகரைச் சுற்றியுள்ள மலைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்பதுதான் இங்கே தங்குவதன் பெரிய பயன். காரில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கமுய் ஸ்கீ லிங்க்ஸ் இருக்கிறது. ஒரு கோண்டோலா, சில இருவர் லிஃப்டுகள், உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 600 மீட்டர் உயர இறக்கம், மரங்களுக்கிடையே சறுக்குவதற்கென்று திறந்துவிடப்பட்ட பகுதிகள் ஆகியவை கொண்ட அந்த மையத்தை, ஸ்னோபோர்டு செய்பவர்களுக்கு முதல் இரண்டு நாட்களுக்கு மிகப் பொருத்தமான இடம் என்று தயங்காமல் சொல்வேன். வடக்கே பிப்பு இன்னும் சிறியது. பள்ளிப் பிள்ளைகள் பயிற்சி பெறும் உள்ளூர் மலை. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து தைசெட்சு மலைத்தொடர் முழுவதும் கண்முன் விரியும். தெற்கே ஃபுரானோவுக்கு ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அது சிறியது அல்ல, நடுத்தர அளவுள்ளது. ஆனாலும் சீராக்கிய நீண்ட தடங்களில் ஒரு நாள் கழிக்க விரும்பினால் அங்கே செல்லலாம். கிழக்கே குரோதகே, அசாஹிதகே ஆகிய இரண்டு உயர்மலைகள் இருக்கின்றன. குரோதகேயின் ரோப்வேயைப் பராமரிப்புக்காக ஜனவரியில் சில வாரங்கள் நிறுத்துவது வழக்கம் என்பதால், உங்கள் தேதிகளை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியின் பனி ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது திட்டமிடவும் உதவும். சைபீரியாவிலிருந்து வரும் உறைகாற்று, அதைவிட வெப்பமான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மேற்குக் கரையோர மலைகளில் மோதி முதலில் அங்கே கொட்டுகிறது. நிசெகோவின் பெருமழை போன்ற பனிப்பொழிவுக்கு இதுவே காரணம். உள்நாட்டில் இருக்கும் அசாஹிகாவாவுக்கு வந்து சேரும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்திருக்கும், குளிரோ கூடியிருக்கும். 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி பதிவான ஊர் இது. ஆகவே அளவில் நிசெகோவைவிடக் குறைவாக விழுந்தாலும், விழுகிற பனி உலர்ந்த மாவு போல இருக்கும். கையில் எடுத்து அழுத்தினாலும் உருண்டையாகப் பிடிக்க வராது. இந்தக் குளிருக்கேற்ற மெழுகைப் போர்டின் அடியில் பூசிக்கொள்ளவில்லையென்றால் சரிவிலேயே போர்டு பிடித்து நிற்கும்.

அசாஹிதகேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் முதல் நாளே அங்கே போக ஆசைப்படுகிறார்கள். 2,291 மீட்டர் உயரமுள்ள இது ஹொக்காய்டோவின் மிக உயர்ந்த சிகரம். 1,100 மீட்டரிலிருந்து 1,600 மீட்டர் வரை ஒரு ரோப்வே சுமார் 10 நிமிடத்தில் ஏற்றிச் செல்கிறது. நாம் வழக்கமாகப் பனிச்சறுக்கு மையம் என்று சொல்லும் பொருளில் அது மையமே அல்ல. குறியிடப்பட்ட சில தடங்களும் அவற்றைச் சூழ்ந்த காடும் மட்டுமே உண்டு. மேலே எரிமலைத் துளைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கும். மேகம் இறங்கிவிட்டால் பனி எது, வானம் எது என்று பிரித்தறிய முடியாது.

ஸ்னோபோர்டு செய்பவர்களுக்கு அங்கே இன்னொரு இடர் காத்திருக்கிறது: தடத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் சமதளம். ஸ்கீ வைத்திருப்பவர்கள் கைக்கோல்களை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நான் வேகத்தைச் சற்று முன்னதாகவே குறைத்துவிட்டேன். போர்டு மெல்ல நின்றது. பின்காலைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கிலிருந்து விடுவித்துக் கீழே ஊன்றியபோது, இடுப்புவரை கால் உள்ளே போய்விட்டது. அடியில் தரையே தட்டுப்படவில்லை. போர்டைக் கழற்றிக் குறுக்காகப் பனியின்மேல் போட்டு, அதன்மேல் மார்பைச் சாய்த்து, ஒரு முழம் முன்னே தள்ளி, மறுபடி சாய்ந்து, இப்படியே இருபது மீட்டர் தொலைவிலிருந்த தடத்தை அடைய அரை மணி நேரத்துக்கும் மேலானது. உடை வியர்வையில் நனைந்து, நின்றவுடன் உடல் நடுங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து, புதிய மலை எதுவானாலும் முதல் முறை கீழிறங்கும்போது தடத்தை விட்டு விலகுவதில்லை. எங்கெங்கே சமதளம் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவ்விடங்களை முழு வேகத்தில் கடக்கிறேன்.

மரங்களுக்கிடையே சறுக்குவது பற்றி இதைவிடக் கவனமாகப் படியுங்கள். ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால், அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனி நிறைந்த குழி மறைந்திருக்கும். அதற்குள் தலைகீழாக விழுந்தவர், இரு கால்களும் போர்டில் பிணைக்கப்பட்டிருக்கும் நிலையில், பெரும்பாலும் தாமாக வெளியே வர முடியாது. அசைய அசையப் பனி மேலிருந்து சரிந்து மூச்சை அடைக்கும். ஆகவே தனியாக ஒருபோதும் காட்டுக்குள் நுழையாதீர்கள். துணைவர் குரலெட்டும் தொலைவில் அல்ல, கண்ணெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில் கிளையையோ அடிமரத்தையோ பற்றிக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் முகத்துக்கு முன்னே கைகளால் சிறிது இடம் உண்டாக்கிக்கொண்டு அசையாமல் இருங்கள்.

எல்லை விதிகள் மையத்துக்கு மையம் மாறும். நிசெகோவில் குறிப்பிட்ட வாயில்கள் வழியாக எல்லைக்கு வெளியே செல்ல அனுமதிக்கும் முறை உள்ளது. அதைக் கேள்விப்பட்டுவிட்டு எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. பல சிறிய மையங்களில் எல்லைக் கயிற்றைத் தாண்டினால் லிஃப்ட் டிக்கெட்டைப் பறித்துவிடுவார்கள். எல்லைக்கு வெளியே உங்களைத் தேடி மீட்க நேர்ந்தால் அந்தச் செலவும் உங்களுடையதாகலாம். எனவே பயணக் காப்பீடு எடுக்கும்போது, தடத்துக்கு வெளியே சறுக்குவதும் மீட்புச் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கார் எடுப்பதா என்று நிச்சயம் யோசிப்பீர்கள். இருவராகவோ அதற்கு மேலோ சென்றால், எடுப்பதே நல்லது. அன்றன்று மலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அதில்தான் முழுமையாகக் கிடைக்கும். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவை. வாகனம் இடப்பக்கம் ஓடும். குளிர்கால டயர்கள் அங்கே வாடகைக் கார்களிலேயே இருக்கும், நான்கு சக்கர இயக்கமுள்ள காராகக் கேட்டு வாங்குங்கள். பனிச்சாலையில் ஒருபோதும் ஓட்டியதில்லையென்றால், முதல் நாள் பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். ஜனவரியில் மாலை ஐந்து மணிவாக்கில் இருட்டிவிடும். காரே வேண்டாம் என்றாலும் பயணம் முடங்காது. ஃபுரானோவுக்கு ரயிலும் அசாஹிதகேக்குப் பேருந்தும் இருக்கின்றன. ஆனால் பேருந்துகள் மிகக் குறைவு என்பதால், திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பூட்ஸை உங்களுடையதாகவே கொண்டுசெல்லுங்கள். சிறிய மையங்களின் வாடகைக் கடைகளில் அளவுகள் சென்டிமீட்டரில் இருக்கும், பெரிய கால்களுக்கு எளிதில் கிடைக்காது. போர்டுகளும் பெரும்பாலும் சீராக்கிய தடத்துக்கானவையாக இருக்கும். ஆழ்ந்த பனிக்கேற்ற, முன்பக்கம் அகன்ற போர்டு வேண்டுமானால் நகரிலுள்ள கடையில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பழைய இருவர் லிஃப்டுகள் பலவற்றில் பாதுகாப்புத் தண்டு இருக்காது. ஒரு காலில் தொங்கும் போர்டின் எடையோடு உட்கார்ந்திருப்பது முதலில் அச்சமூட்டும், அடுத்த நாளே பழகிவிடும். கமுயில் ஒரு முதிய லிஃப்ட் பணியாளர், வந்து சேரும் ஒவ்வோர் இருக்கையிலும் படிந்த பனியைச் சிறு துடைப்பத்தால் தட்டிவிட்டு, உட்காருகிற ஒவ்வொருவருக்கும் தலை வணங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். காலை முதல் மாலை வரை ஓர் இருக்கையைக்கூட அவர் விட்டுவிட்டதாக நான் பார்க்கவில்லை. அந்த மலைகளுக்குத் திரும்பத் திரும்ப நான் போவதற்கு அவரும் ஒரு காரணம்.

செலவைப் பொறுத்தவரை, நிசெகோவின் முழு மலைக்கான ஒரு நாள் டிக்கெட் 10,000 யென்னைக் கடந்துவிட்ட நிலையில், சிறிய மையங்களில் ஏறக்குறைய அதில் பாதிதான் ஆகும். நான்கு மணி நேர டிக்கெட் கிடைக்கும் இடங்களில் அதையே வாங்குங்கள். கையில் ரொக்கமும் இருக்கட்டும். பிப்ரவரி தொடக்கத்தில் சப்போரோவிலும் அசாஹிகாவாவிலும் பனித் திருவிழாக்கள் நடப்பதால் விடுதி விலை ஏறும். ஜனவரி மூன்றாம், நான்காம் வாரங்களில் பயணத்தை முடித்துக்கொள்வது நல்லது. வார இறுதிகளில் பிப்பு போன்ற உள்ளூர் மலைகளுக்குக் குடும்பங்கள் திரளும். உங்கள் ஓய்வு நாளை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போகலாம். உடலில் பச்சை குத்தியிருந்தால், அனுமதி உண்டா என்று குளியலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

போர்டுப் பையை ரயிலில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். ஜப்பானில் தக்குஹைபின் என்னும் பொதி அனுப்பும் சேவை, விமான நிலையத்திலிருந்து விடுதிக்கும் விடுதியிலிருந்து விமான நிலையத்துக்கும் அதைக் கொண்டுசேர்த்துவிடும். வரும்போது ஒரு நாள் தாமதமாகலாம் என்பதால், முதல் நாளுக்கு வேண்டிய உடையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே பையை விடுதி வரவேற்பறையில் ஒப்படைத்துவிட வேண்டியிருக்கும். எனவே உங்கள் பத்து நாட்களில் சறுக்குவதற்கு உண்மையில் கிடைப்பவை ஏழுதான் என்று கணக்கிட்டு, அசாஹிதகேக்கான தெளிந்த வானம் ஐந்தாம் நாளே அமைந்துவிட்டால், மறுநாளுக்கு என்று தள்ளிப் போடாமல் அன்றே கிளம்பிவிடுங்கள்.