முனைவர் பட்டம் இருந்தும் சான்று கேட்கிறார்களே!

கேள்வி: நான் பூச்சியியல் ஆய்வாளர். மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன். நாலு வருடமாக வயலில் நானே பார்த்தவை அவை. ஒரு கல்லூரி மாணவர் 'சான்று இல்லை' என்று பாதியை நீக்கிவிட்டார். "சம்பளமில்லாத வேலை, அதில் அவமானம் வேறயா?" என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடாதீர்கள். ஆனால் அந்த மாணவர் செய்தது சரிதான்.

நீங்கள் யார் என்பது அவருக்குத் தெரியாது, உறுதி செய்துகொள்ள வழியும் கிடையாது. நாளைக்குப் பூச்சிமருந்து விற்கிற ஒருவர் 'நானும் முனைவர்தான்' என்று வந்து, தன் மருந்துதான் சிறந்தது என்று எழுதினால்? உங்களிடம் கேட்ட அதே கேள்விதான் அவரையும் தடுக்கும். வேறெங்கும் வெளிவராத சொந்த ஆய்வை அங்கே எழுதக்கூடாது என்பது பட்டம் பெற்றவருக்கும் பள்ளி மாணவருக்கும் பொதுவான விதி. வயலில் கண்டதை முதலில் ஆய்விதழில் வெளியிடுங்கள். வெளிவந்ததும் நீங்களே கட்டுரையில் சேர்க்காமல், அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற உரையாடல் பக்கத்தில் குறிப்பிட்டு, மற்றவர்கள் பார்த்துச் சேர்க்கட்டும் என்று விடுவது நல்லது.

அப்புறம், உங்களால்தான் முடியும் என்கிற வேலை ஒன்று இருக்கிறது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட இந்தப் புழு, அதே ஆண்டில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தது. அதைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. குருத்துக்குள் ஒரு புழுவைப் பார்த்து, இது அதுதானா என்று தவிக்கிற விவசாயிக்கு அவை எப்படி உதவும்? தலையில் தலைகீழ் 'ஒய்' போன்ற கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இவ்வளவையும் சான்றோடு, அவர் பேசுகிற சொல்லில் எழுதப் பூச்சியும் தெரிய வேண்டும், தமிழும் தெரிய வேண்டும். உங்களுக்கு இரண்டும் தெரிகிறது. புதிதாக எழுதுவதை, விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுவதற்கென்று இருக்கிற 'மணல்தொட்டி' பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீக்கிய அதே மாணவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக உதவுவார்.

வீட்டில் கேட்பதும் நியாயம்தான். வாரத்தில் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். முனைவர் கல்யாணசுந்தரத்தைப் பற்றியும் அவர்களிடம் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்தார்கள். அவர்களில் யாரும் அதற்குச் சம்பளம் வாங்கவில்லை. இன்றைக்கும் ஒரு பழைய பாடல் தேவைப்பட்டால் நான் முதலில் தேடுவது அங்கேதான்.

இன்னொன்று. சொந்த ஆய்வைத்தான் எழுதக்கூடாது, சொந்தமாக எடுத்த படத்தைத் தாராளமாகத் தரலாம். எல்லா விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக்கிடங்காகிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் எல்லா மொழிக் கட்டுரைகளுக்கும் பயன்படும். அங்கே கொடுத்த படத்தை யாரும், வியாபாரத்துக்கும்கூட, எடுத்துக்கொள்ளலாம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். அலுவலக வேலைக்காக எடுத்தது என்றால் அனுமதி வாங்கிவிடுங்கள். நாலு வருடத்தில் அந்தத் தலைகீழ் 'ஒய்' தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றாவது உங்கள் கைப்பேசியில் இருக்கும். இந்த வாரம் அதை ஏற்றிவிடுங்கள்.