2 டிகிரி, விடாத மழை, நாலு மணி நேரம் திறந்தவெளி ஸ்டேடியம்: அப்பா அம்மாவ கூட்டிட்டு போகலாமா?

கோயம்புத்தூர்க்காரம்மா ஒருத்தங்க கேட்டிருக்காங்க. பையன் அமெரிக்கால ஆன் ஆர்பர்ல மிச்சிகன் யுனிவர்சிட்டில எம்எஸ் படிக்கறான், அவனை பாக்க இவங்களும் வீட்டுக்காரரும் வந்திருக்காங்க, நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச சனிக்கிழமை ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி கூட நடக்கற காலேஜ் ஃபுட்பால் மேட்ச்சுக்கு (நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்த கையில பிடிச்சுக்கிட்டு ஓடற அமெரிக்க ஃபுட்பால்) பையன் மூணு டிக்கெட் வாங்கி வச்சுட்டான். இப்ப ஃபோர்காஸ்ட்ல 2 டிகிரி, பகல் பூரா மழை, நடுவுல ஸ்னோவும் கலந்து வரும், காத்து 30 கிலோமீட்டர்னு காட்டுதாம். சாருக்கு 66 வயசு, சுகரும் பிபியும் மாத்திரையில கட்டுப்பாட்டுல இருக்கு, ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. "ஊர்ல இருந்தே தெர்மல், கனமான கோட்டு, ஷால் எல்லாம் கொண்டு வந்திருக்கோம், போதுமா? இல்ல வீட்லயே டிவில பாத்துக்கட்டுமா? டிக்கெட் யானை விலை, வேண்டாம்னா பையன் முகம் வாடிரும்"னு எழுதியிருக்காங்க.

போங்கம்மா, தாராளமா போங்க. ஆனா கொண்டு வந்ததுல பாதி அன்னிக்கு உதவாது, அத மொதல்ல சொல்லிடறேன்.

மிச்சிகனும் ஒஹையோவும் இருக்கற இந்த மிட்வெஸ்ட் பக்கம் குளிர்காலத்துல வெளிய நின்னு வேலை பாக்கறவங்களுக்கு, ரோடு போடறவங்க, கரண்டு லைன் ஆளுங்க, இவங்களுக்கெல்லாம் சேஃப்டி ட்ரெயினிங் குடுக்கறதுதான் என் தொழில். அவங்கள கேட்டா மைனஸ் 10ஐ கூட சமாளிச்சுக்கலாம், இந்த 2 டிகிரி மழை இருக்கு பாருங்க அதுதான் ஆகாதுன்னு சொல்லுவாங்க. மைனஸ் 10ல விழற ஸ்னோ காஞ்சு பவுடரா இருக்கும், தட்டி விட்டா போச்சு. 2 டிகிரில விழறது துணிக்குள்ள இறங்கும். தண்ணி உடம்புச் சூட்ட உறிஞ்சற வேகம் அசையாத காத்தை விட ஏறக்குறைய 25 மடங்கு, அதனால நனைஞ்ச சட்டையோட 2 டிகிரில உக்காந்திருக்கறதுக்கு காஞ்ச சட்டையோட மைனஸ்ல நிக்கறது எவ்வளவோ தேவலை. இதுல காத்து வேற. 2 டிகிரில 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு மைனஸ் 4 மாதிரி தெரியும், விண்ட் சில் கணக்கு அது. அதுக்கும் மேல, லைன் ஆளு கம்பம் ஏறி இறங்கி உடம்புல சூடு உண்டாக்கிக்குவாரு, நீங்க மூணரை மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்திருப்பீங்க. மழை, காத்து, அசையாம இருக்கறது, இந்த மூணுக்கும் வழி பண்ணிட்டா குளிர் தானா அடங்கிடும்.

மொதல்ல அந்த தெர்மல எடுத்து லேபிள பாருங்க. திருப்பூர்ல வாங்கினதா இருந்தா பெரும்பாலும் காட்டனாத்தான் இருக்கும், இல்ல காட்டன் கலந்ததா இருக்கும். காஞ்சிருக்கற வரைக்கும் சொகமா இருக்கும், வேர்வையோ மழையோ பட்டுச்சுன்னா தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், விடாது. உடம்ப ஒட்டி போடறது பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ இருக்கணும். புதுசா ரெண்டு செட் வாங்கிடுங்க, இந்த செலவுல மட்டும் கணக்கு பாக்க வேண்டாம். அதுக்கு மேல ஃப்ளீஸ் இல்ல கம்பளி ஸ்வெட்டர், அதுக்கு மேல நீங்க கொண்டு வந்த கோட்டு, எல்லாத்துக்கும் மேல முட்டிக்கு கீழ வரைக்கும் வர்ற போன்சோ, அதாவது தலை வழியா மாட்டிக்கற தளர்வான மழை அங்கி. ரெயின்கோட்டு இருக்கேன்னு சொல்வீங்க, ஆனா உக்காந்தா ரெயின்கோட்டு இடுப்போட நின்னுரும், வழியற தண்ணி பூரா மடியிலதான் சேரும், போன்சோ தொடை முட்டி எல்லாம் மூடும், பின்பக்கத்த இழுத்து உக்காரற எடத்துக்கும் போட்டுக்கலாம். குடை எடுத்துட்டு போகாதீங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும்னு காலேஜ் ஸ்டேடியம் எதுலயும் அனேகமா விடறதில்ல, கேட்லயே வாங்கி வச்சுருவாங்க.

ஷால் வேண்டாம். நனைஞ்ச ஷால் ஒரு கிலோ தண்ணிய தோள்ல சுமக்கற மாதிரி. சேலையும் அன்னிக்கு ஒரு நாள் வேண்டாம்மா, கொசுவம் படியில தேயும், ஓரத்துல ஏறின ஈரம் அரை மணி நேரத்துல முட்டி வரைக்கும் வந்துரும். ஜீன்ஸும் அதே காட்டன் கதைதான். ட்ராக் பேன்ட்டு மாதிரி பாலியஸ்டர்ல ஒண்ணு, மேல மழை பேன்ட்டு ஒண்ணு, போதும். ஆனா சாரோட மங்கி கேப் இருக்குமே, ஊட்டிக்கு போறப்ப பையன் கிண்டல் பண்ணுவானே அது, கம்பளில இருந்தா கண்டிப்பா போடச் சொல்லுங்க, காது கழுத்து தாடை எல்லாத்தையும் ஒரே மூச்சுல மூடற சாமான் வேற இல்ல. அதுக்கு மேல முன்பக்கம் வளைவு வச்ச ஒரு கேப்ப போட்டு அதுக்கு மேல போன்சோ தலைய இழுத்துக்கிட்டா கண்ணாடில மழை அடிக்காது.

வீட்லேந்தே எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு நடக்கவும் கூடாது. மேட்ச் நாள்ல ஸ்டேடியத்துக்கு பக்கத்துல கார் நிறுத்த எடம் கிடைக்கறது கஷ்டம், எப்படியும் நல்லா நடக்க வேண்டி வரும், கோட்டு ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கிட்டு நடந்தா உள்ள வேர்த்து ஊத்திடும், அப்புறம் மழை வெளிய இருந்து நனைக்க வேண்டிய அவசியமே இல்ல. ஸ்வெட்டர பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கையில வச்சுக்கிட்டு, கேட்டுக்குள்ள போனதும் கூரை இருக்கற எடமா பாத்து நின்னு போட்டுக்கோங்க. பேக் பத்தி ஒவ்வொரு ஸ்டேடியத்துக்கும் ஒரு ரூல், வருஷா வருஷம் மாத்தவும் செய்வாங்க, அத பையன் முந்தின நாளே வெப்சைட்ல பாத்து சொல்லட்டும்.

இனி கீழ்ப்பக்கம். எல்லாரும் கோட்டப் பத்தியே கவலைப்படுவாங்க, ஆள எழுப்பி வீட்டுக்கு அனுப்பறது பெஞ்சும் தரையும்தான். மிச்சிகன் ஸ்டேடியம் 1927ல தொறந்தது, 1,07,601 பேர் உக்காரலாம், பெரும்பகுதி தரைக்கு கீழ தோண்டி கட்டின பெரிய கிண்ணம், மேல கூரை கிடையாது. உக்காரற எடம் நீட்டு நீட்டு அலுமினிய பெஞ்சு. அலுமினியம் சூட்ட எவ்வளவு வேகமா கடத்தும்னு சமையல்கட்டுல தெரிஞ்சதுதானே, அங்க அது உங்க சூட்ட கடத்தும். கால் வைக்கற எடம் ஈர கான்கிரீட்டு. அதனால ஆளுக்கு ஒரு ஃபோம் குஷன், தண்ணி உறிஞ்சாத வகை, துணி மெத்தை வேண்டாம். காலுக்கு அடியில போட ஆளுக்கு ஒரு துண்டு அட்டைப்பெட்டி அட்டை, பெரிய குப்பை கவருக்குள்ள மடிச்சு வச்சு எடுத்துட்டு போங்க, கவரோடயே கீழ போட்டு கால் வைங்க. கேக்க அல்பமா இருக்கும், மேட்ச்சோட நாலு பகுதில மூணாவது பகுதி வர்றப்ப பக்கத்து சீட்டு ஆளு அதை பொறாமையா பாப்பாரு.

ஷூ வாட்டர்ப்ரூஃபா இருக்கட்டும், ஒரு சைஸ் தளர்வா. கம்பளி சாக்ஸ் ஒண்ணு தடிமனா போதும், ரெண்டு மூணு திணிச்சா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் சில்லுனு ஆகும். வாட்டர்ப்ரூஃப் ஷூ இல்லன்னா சாக்ஸுக்கு மேல ஒரு பிரெட் கவர், அதுக்கு மேல ஷூ, இந்த ஊர்ல பழைய ஆளுங்க செய்யற வித்தை. கைக்கு விரல் தனித்தனியா இருக்கற கிளவுஸ விட எல்லா விரலும் ஒண்ணா இருக்கற மிட்டன் சூடா வச்சுக்கும், மாத்திக்க இன்னொரு ஜோடிய ஜிப்லாக் கவர்ல போட்டு உள்பாக்கெட்ல வச்சுக்கோங்க.

ஹாண்ட் வார்மர்னு சின்ன சின்ன பொட்டலமா விப்பாங்க. உள்ள இரும்புத்தூள், உப்பு, கரி எல்லாம் இருக்கும், காத்து பட்டா இரும்பு துருப்பிடிக்கும், அப்ப வர்ற சூடுதான் அது. காத்து இல்லன்னா வேலை செய்யாது, அதனால உள்ள போறதுக்கு கால் மணி நேரம் முன்னாடியே பிரிச்சு வைங்க, நனைய விட்டா செத்துரும். இதுல சாருக்கு மட்டும் ஒரு கண்டிப்பு: கால் விரலுக்கு வைக்கற வார்மர் அவருக்கு வேண்டவே வேண்டாம். சுகர் ரொம்ப வருஷமா இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி மந்தமா இருக்கலாம், சூடு பட்டு கொப்புளம் வந்தா கூட அப்ப தெரியாது, ராத்திரி சாக்ஸ கழட்டறப்பதான் தெரியும். பாக்கெட்டுக்குள்ள வச்சு கைய சூடு பண்ணிக்கட்டும், அதோட போதும்.

சார் விஷயத்துல இன்னும் கொஞ்சம். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிபி கொஞ்சம் ஏறும், அதனால அன்னிக்கு காலைல மாத்திரை தவற விடக்கூடாது. நல்லா சாப்பிட்டுட்டு கிளம்புங்க, குளிர்ல நடுங்கறதுக்கே உடம்பு சக்கரைய செலவழிக்கும், சுகர் மாத்திரை போட்டவங்க சிலருக்கு லோ சுகர் ஆகலாம், லோ சுகரோட படபடப்பும் குளிர் நடுக்கமும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துருவோம். பாக்கெட்ல நாலு மிட்டாய் இருக்கட்டும். குளுக்கோமீட்டர சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வைங்க, சில்லுனு ஆயிட்டா அது எர்ரர்தான் காட்டும். அப்புறம் பார்க்கிங்ல டெயில்கேட்னு கார் டிக்கிய தொறந்து வச்சு அடுப்பு போட்டு சமைச்சு சாப்பிட்டுட்டு இருப்பாங்க, எதிர்ல பயனியர் ஹைஸ்கூல் மைதானம் பூரா அன்னிக்கு புகையாத்தான் இருக்கும், பையனோட ஃப்ரெண்ட்ஸ் யாராவது சாருக்கு ஒரு கப் சரக்கு நீட்டுவாங்க. குளிருக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. நல்லதில்ல. தோல் பக்கம் ரத்தம் ஓடி சூடான மாதிரி இருக்கும், உள்சூடு அந்த வழியாவே வெளிய போயிரும்.

நடுங்கறது பயப்படற விஷயம் இல்ல, உடம்பு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயப்பட வேண்டியது வேற: பேச்சு குழறுது, மிட்டாய் கவர பிரிக்க முடியல, எந்திரிச்சா தடுமாறறாரு, கேட்டா "ஒண்ணும் இல்ல விடு"ன்னு எரிஞ்சு விழறாரு. வயசானவங்களுக்கு நடுக்கம் பெருசா வராமலே இது வரும். உடம்போட உள்சூடு 35 டிகிரிக்கு கீழ போறப்ப ஆரம்பிக்கறது இது. அப்படி பாத்தீங்கன்னா ஸ்கோர் என்னவா இருந்தாலும் எந்திரிச்சு மேல கூரை இருக்கற எடத்துக்கு போயிடணும், ஸ்டேடியம் ஊழியர் யார்கிட்டயாவது ஃபர்ஸ்ட் எய்ட் எங்கன்னு கேக்கணும், சார்கிட்ட விவாதம் பண்ணிட்டு இருக்கக் கூடாது.

பையன்கிட்ட ஒண்ணு கேட்டுக்கோங்க, டிக்கெட் ஸ்டூடன்ட் செக்ஷன்லயான்னு. அங்க மேட்ச் முழுக்க நின்னுட்டேதான் இருப்பாங்க, பெஞ்சு மேலயே ஏறி நிப்பாங்க, நீங்க உக்காந்தா முன்னாடி முதுகு மட்டும்தான் தெரியும். மாத்த முடிஞ்சா மாத்திடுங்க. கிண்ணம் மாதிரி இருக்கறதால நுழையறது மேல, சீட்டு கீழ, பாத்ரூம் திரும்ப மேல. கீழ் வரிசை சீட்டுன்னா அத்தனை ஈரப்படியையும் கனத்த துணியோட ஏறணும், அதனால மேல் வரிசை கிடைச்சா அவருக்கு நல்லது. டிக்கெட் ஃபோன்லதான் வரும், குளிர்ல பேட்டரி 40 சதவீதம் காட்டிட்டே அணைஞ்சு போயிரும், ஈர விரலுக்கு ஸ்க்ரீனும் மசியாது, மூணு டிக்கெட்டையும் ஒரே ஃபோன்ல வைக்காம ஆளாளுக்கு பிரிச்சு அவங்கவங்க ஃபோன் வாலட் ஆப்ல ஏத்தி, ஃபோன உள்பாக்கெட்ல வைங்க.

மழைன்னு மேட்ச் கேன்சல் ஆகும்னு நினைக்காதீங்க. இதே ரெண்டு டீமும் 1950 நவம்பர் 25ல ஒஹையோ ஸ்டேட்டோட ஊரான கொலம்பஸ்ல பனிப்புயலுக்கு நடுவுல ஆடினாங்க, மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன் கூட எடுக்காம (நாலு முயற்சிக்குள்ள பத்து கஜம் முன்னேறறது அது), தூக்கி எறிஞ்ச பந்து ஒண்ணைக் கூட பிடிக்காம 9-3னு ஜெயிச்சுது, பந்து கையில இருந்தா நழுவிரும்னு ரெண்டு பக்கமும் சேந்து 45 தடவை உதைச்சு தள்ளினாங்க. அதை 50,000 பேருக்கு மேல உக்காந்து பாத்தாங்க, அவங்கள்ல யாருக்கும் இன்னிக்கு கிடைக்கற போன்சோ கிடையாது. மின்னல் வந்தா மட்டும்தான் நிறுத்துவாங்க, கடைசி மின்னலுக்கு அப்புறம் 30 நிமிஷம் கழிச்சு திரும்ப ஆரம்பிப்பாங்க, நவம்பர் கடைசில அது அபூர்வம். மழைல ஒரு லாபமும் உண்டு. ஈரப்பந்த தூக்கி எறிய பயந்து கையில பிடிச்சுக்கிட்டு ஓடத்தான் பாப்பாங்க, எறிஞ்ச பந்து பிடிபடாம கீழ விழுந்தா கடிகாரம் நிக்கும், மைதானத்துக்குள்ள ஓடி விழுந்தா கடிகாரம் ஓடிட்டே இருக்கும், அதனால மேட்ச் கொஞ்சம் சீக்கிரமாவே முடியலாம்.

முடிவு வரைக்கும் இருக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. பாதி ஆட்டத்துல இருபது நிமிஷம் இடைவேளை, அப்ப பேண்டு வாசிக்கும், அதை மட்டும் விட்டுடாதீங்க, ஆனா அது முடிஞ்சதும் சாரோட கை எப்படி இருக்குன்னு தொட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க. ஒரு தடவை வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க, அதனால பையன் இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் கிளம்பறதுன்னா எப்படி போறதுன்னு காலைலயே பேசி வச்சுக்கோங்க. கார்ல ஆளுக்கு ஒரு காஞ்ச சாக்ஸ், ஒரு காஞ்ச பனியன், ஒரு துண்டு. வீட்டுக்கு வந்ததும் கொதிக்கற தண்ணில கால வைக்க வேண்டாம், வெதுவெதுப்பு போதும், சாரோட பாதத்த விரல் இடுக்கெல்லாம் லைட்டு போட்டு ஒரு தடவை பாத்துருங்க.

போன்சோ வாங்கறப்ப கலர் மட்டும் பாத்து வாங்குங்கம்மா. கடையில சிவப்பு மலிவா கிடைச்சா கூட எடுத்துடாதீங்க, அது ஒஹையோ ஸ்டேட் கலர், அந்த லட்சம் பேருக்கு நடுவுல உங்க பையன் மானம் போயிரும். மஞ்சளோ நீலமோ இருந்தா எடுங்க.