மருத்துவர் பதில்கள்: புட்டி வழியே போகும் மருந்து

கேள்வி: என் ஆறு வயதுப் பேரனுக்கு மூச்சிரைப்பு உண்டு. ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் மருந்துக் குழல்) தீர்ந்துவிட்டது என்று சொல்லி, குளிர்பானப் புட்டியின் அடியில் துளையிட்டு, அதில் பம்பை (இன்ஹேலரை)ச் செருகிக் கொடுத்தார் கிளினிக் சிஸ்டர். இல்லாதவர்களுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்களோ? இதை நம்பலாமா?
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, உங்கள் மனக்கசப்பு நியாயமானதே. ஆனால் அந்தப் புட்டி யாரோ அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலை அன்று. நம் தென்னாப்பிரிக்காவிலேயே முறையாகச் சோதிக்கப்பட்டது. கேப் டவுனின் குழந்தைகள் நல மருத்துவர் ஹெதர் சாரும் அவர் குழுவினரும் 5 முதல் 13 வயது வரையுள்ள ஆஸ்துமாக் குழந்தைகளிடம் ஆராய்ந்து, 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பம்ப் நுழையும் இடம் இடைவெளியின்றி அடைக்கப்பட்ட 500 மில்லி பிளாஸ்டிக் புட்டி, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது; பாலிஸ்டிரீன் கோப்பையோ அந்த அளவுக்குப் பயன் தரவில்லை.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது புட்டியின் விலையை அன்று, அந்த அடைப்பை. பம்பிலிருந்து மருந்து மிக வேகமாகப் பாய்வதால், நேரே வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். புட்டிக்குள் அது வேகம் தணிந்து, பெரிய துளிகள் சுவரில் தங்க, நுண்துளிகள் நுரையீரலுக்குப் போகின்றன. பம்பைக் குலுக்கி, பேரன் புட்டியின் வாயில் உதடுகளை இறுக்கிப் பொருத்திய பின் ஒரு முறை மட்டும் அழுத்துங்கள்; அவன் ஐந்தாறு முறை நிதானமாக மூச்சை இழுத்து விடட்டும்; அதன் பிறகே அடுத்த அழுத்தம். புட்டியைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் உலரவிடுங்கள், துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை என்பது மின்தடையோடு பழகிய நமக்குச் சிறிய வசதியன்று.

எல்லாச் சுவாசக் கருவிகளையும் இப்படி வீட்டில் செய்துவிட முடியாது என்பதும் உண்மை. 2020-இல் கோவிட் காலத்தில் நம் நாட்டிலேயே சுவாச உதவிக் கருவிகள் தயாரிக்கும் திட்டத்தை நிர்வகித்தது, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் மீர்காட் தொலைநோக்கியைக் கட்டிய வானொலி வானியல் ஆய்வகம்! ஆக்சிஜனையும் காற்றழுத்தத்தையும் அளந்து தரும் கருவிக்கு அத்தகைய பொறியியல் அனுபவம் தேவைப்படுகிறது. ஸ்பேசருக்கு நல்ல அடைப்பே போதும்.

பம்ப் அடித்தும் மூச்சிரைப்பு தணியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பேச முடியாமல் தவித்தாலோ, புட்டியோடு நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மற்றபடி, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது புட்டியையும் எடுத்துப்போய், சிஸ்டர் முன்னால் பேரனை ஒருமுறை மருந்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.