வயதானால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம்

கேள்வி: எனக்கு 46 வயது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. இரண்டு மாதம் வராமல் இருக்கும்; வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போகும், கட்டி கட்டியாகவும் படும். ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து, வியர்த்து விழித்துக்கொள்கிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ‘நிற்கப் போகிற நேரத்தில் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் மாமியார். நான் பார்த்த டாக்டரோ, ‘பிள்ளை பெற்றாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்கிறார். எடுத்துவிடலாமா? புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே நாள் தள்ளிப்போவதும் முன்னால் வருவதும் இயல்புதான். ஆனால் பத்து நாளுக்கு மேல் கட்டி கட்டியாகப் போவது இயல்பு இல்லை. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் போதிய அளவு சுரக்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வு அளவோடு வளர்ந்து, ஒரே சமயத்தில் கழன்று வருவதற்கு அந்த ஹார்மோன் வேண்டும். இந்த வயதில் பல மாதங்கள் முட்டை வெளிவருவதே இல்லை. சவ்வை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மட்டும் இருப்பதால் அது தடித்துக்கொண்டே போகிறது. இரண்டு மாதம் கழித்து அது ஒரு பக்கம் கழன்று, இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டு, விட்டுவிட்டு உதிர்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் கணக்கு பெரும்பாலும் இதனால்தான் வரும். ஆனால் கர்ப்பப்பைத் தசையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டி, சவ்வில் சின்னச் சதையாக வளரும் பாலிப், தைராய்டு குறைபாடு ஆகியவற்றாலும் இதே போல வரலாம். எது என்று பார்க்காமல் வயதின் மேல் பழி போடக் கூடாது.

ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுக்க நனைகிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் வருகின்றனவா, கறை தெரியக் கூடாது என்று அடர்நிறப் புடவையாகப் பார்த்து எடுக்கிறீர்களா, இரண்டு நாப்கினைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறீர்களா? இதில் ஒன்று இருந்தாலே அதிக ரத்தப்போக்குதான். கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தயங்காமல் கேட்டு உட்காருங்கள்.

மூச்சு வாங்குவதற்கு ரத்தசோகை காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் மட்டும் சாப்பிட்டு இதைச் சரிசெய்ய முடியாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். அதை டீ, காபியோடு சாப்பிட்டால் உடம்பில் சேராது. மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். இரும்புச்சத்து ஏறியும் மூச்சு வாங்கினால், உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இதயத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

இந்த வாரமே செய்ய வேண்டிய பரிசோதனைகள் சில உண்டு. ரத்த அணுக்கள், தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கர்ப்பப்பை ஸ்கேன், அதோடு கர்ப்பப் பரிசோதனை. கடைசியைப் படித்துச் சிரிக்காதீர்கள். நாள் தள்ளிப்போனதை ‘நிற்கிற காலம்’ என்று நினைத்திருந்து ஐந்தாம் மாதத்தில் வருபவர்கள் உண்டு. ஐம்பதுக்குள் நின்றால், அதன் பிறகும் இரண்டு வருடம் கருத்தடை தேவை.

இவற்றோடு, 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிக ரத்தப்போக்கு இருந்தால் உள்சவ்விலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுப்பார்கள். சில நிமிட வேலைதான், மாதவிலக்கு வலி போலச் சுருக்கென்று இருக்கும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. உங்கள் புற்றுநோய் பயத்துக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் சர்க்கரையும் உடல் பருமனும் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் உங்கள் விஷயத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை வேறு. அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள். அதையும் முடித்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. இந்தப் பரிசோதனைகள் எதுவும் செய்யாமலே கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருந்தால், என் பதில்: வேண்டாம். பிள்ளை பெற்றாயிற்று என்பது அறுவை சிகிச்சைக்குக் காரணம் ஆகாது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது 2019-ல் வெளியே வந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றும்படி 2023-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், படிப்படியாக வர வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்துவிடும். எலும்பு சீக்கிரம் தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை.

சதைப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் மருந்திலேயே கட்டுப்படுத்தலாம். போக்கு அதிகமாக உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை ஒரு வழி. காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. புரோஜெஸ்டிரோன் மாத்திரை இன்னொரு வழி. நான் பலருக்கும் முதலில் சொல்வது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். காப்பர்-டி போல இருக்கும், ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்யும், கருத்தடையும் ஆகிவிடும். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் படும். அதைப் பார்த்து எடுக்கச் சொல்லி வந்துவிடாதீர்கள், பிறகு நன்றாகக் குறையும். இவை எதுவும் பலன் தராமல், அல்லது பெரிய ஃபைப்ராய்டு கட்டிகள் இருந்து, அல்லது சதைப் பரிசோதனையில் கெட்ட மாற்றம் தெரிந்து, அப்புறம் எடுக்கச் சொன்னால் அது சரியான அறுவை சிகிச்சை.

ராத்திரி வியர்வை ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதால் வருவது. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, ஆனால் ரத்தப்போக்கின் காரணம் தெரிவதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் மருந்தைத் தொடங்கக் கூடாது. அதுவரை மாலைக்குப் பிறகு காபியை விடுங்கள், ஃபேன் அடியில் பருத்தி உடையில் படுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு, கோயிலுக்குப் போக நாள் தள்ளிப்போடும் மாத்திரையை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

மணிக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, தலை சுற்றி கண் இருட்டினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, நடுராத்திரி ஆனாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.