செல்லில் 3.6 வோல்ட் இருக்கும்போதே போர்டு ஏன் ரீசெட் ஆகிறது?

கேள்வி: வைஃபை உள்ள இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டையும் ஒரு வெப்பநிலை சென்சாரையும் வைத்துச் சின்னக் கருவி ஒன்று செய்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபையில் அளவை அனுப்பும். யுஎஸ்பியில் நன்றாக ஓடுகிறது. 2600 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் செல்லை, டிபி4056 சார்ஜர் மாட்யூல் வழியாகப் போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுத்தால் பாதி நாளிலேயே திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. மல்ட்டிமீட்டரில் பார்த்தால் செல்லில் 3.6 வோல்ட் இருக்கிறது. செல் கெட்டுவிட்டதா? இரண்டு செல் போட வேண்டுமா?

பதில்: செல் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் கணிசமான சார்ஜ் இன்னும் மிச்சம். அதைப் போர்டால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

லித்தியம் அயன் செல்லின் மேல் 3.7 வோல்ட் என்று போட்டிருந்தாலும், முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட் தரும். தீரத் தீர 3 வோல்ட் வரை இறங்கும். உங்கள் போர்டில் வோல்ட்டை 3.3க்கு இறக்கிச் சீராகத் தரும் ரெகுலேட்டர் பெரும்பாலும் ஏஎம்எஸ்1117 ஆக இருக்கும். 3.3 வோல்ட் சரியாக வெளியே வர வேண்டுமானால், உள்ளே அதைவிட ஒரு வோல்ட்டுக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதாவது 4.3, 4.4 வோல்ட். முழுச் சார்ஜில்கூட உங்கள் செல்லால் அது முடியாது! முதல் சில மணி நேரம் ஓடியதே, இஎஸ்பி32 குறைந்த வோல்ட்டிலும் தாக்குப்பிடிப்பதால்தான். செல் 3.6க்கு வந்ததும் சிப்புக்குக் கிடைப்பது 2.5 வோல்ட் அளவில் நிற்கும். வைஃபை சமிக்ஞை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியருக்குத் தாவும், வோல்ட் இன்னும் சரியும், சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். அந்தச் சரிவு கண நேரத்தில் நடப்பதால் மல்ட்டிமீட்டர் காட்டாது. போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ (வோல்ட் போதவில்லை) என்று செய்தி வருகிறதா பாருங்கள். வந்தால் காரணம் இதுதான்.

இரண்டு செல்லைத் தொடராகப் போடாதீர்கள். 8.4 வோல்ட் வரும். அதில் பாதிக்கு மேல் ரெகுலேட்டரில் சூடாகவே போகும். டிபி4056 ஒற்றைச் செல்லுக்கானது, தொடரில் உள்ள இரண்டை அதனால் சார்ஜ் செய்யவும் முடியாது. 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்ட் மாட்யூல் வேலை செய்யும். ஆனால் ஏற்றி, மறுபடி 3.3க்கு இறக்குவதில் செல்லின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் வீண். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வேண்டியது, மிகக் குறைந்த வோல்ட் வித்தியாசத்திலும் வேலை செய்யும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர். எம்இ6211, ஏபி2112கே இரண்டுமே பொருந்தும். முதலாவது 500, இரண்டாவது 600 மில்லி ஆம்பியர் வரை தரும். எச்டி7333 தானாகக் குடிக்கும் மின்சாரம் சொற்பம் என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். அதன் எல்லை 250 மில்லி ஆம்பியர், வைஃபைக்குப் போதாது. புதிய ரெகுலேட்டரின் வெளியீட்டைப் போர்டின் 3.3 வோல்ட் பின்னில் கொடுத்து, பக்கத்திலேயே 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்யுங்கள். இப்படி இணைத்திருக்கும்போது யுஎஸ்பி கேபிளைச் சொருகக் கூடாது. புரோகிராம் ஏற்ற வேண்டுமென்றால் செல்லைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

சரி, ரீசெட் நின்றுவிடும். ஆனால் பாதி நாளிலேயே செல் இவ்வளவு இறங்குகிறது என்றால் வைஃபை எப்போதும் விழித்தே இருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் ஐந்து விநாடி விழித்து 120 மில்லி ஆம்பியர் எடுத்துவிட்டு மற்ற நேரம் டீப் ஸ்லீப்பில், அதாவது சிப் ஏறக்குறைய முழுவதும் அணைந்த உறக்கத்தில், இருந்தால், சராசரி ஒரு மில்லி ஆம்பியர்தான். உங்கள் 2600 எம்ஏஎச்சில் 80 சதவீதத்தைக் கணக்கில் எடுத்தாலும் மூன்று மாதத்தை ஒட்டி வரும். இங்கேதான் போர்டு காலை வாருகிறது. சிப் உறக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் அளவே எடுக்கும். போர்டின் பவர் எல்இடி, யுஎஸ்பி சிப், பழைய ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் மூன்று மாதம் என்பது எட்டே நாளாகச் சுருங்கிவிடும். எல்இடியையாவது கழற்றுங்கள். முடிந்தால் வெறும் இஎஸ்பி32 மாட்யூலை வைத்துக் கட்டுங்கள், அதற்குப் படும் பாடு வீண்போகாது. (18650 செல்லில் 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அந்த அளவுச் செல்லில் நல்லதே 3500ஐ ஒட்டித்தான் நிற்கும்.)

செல்லைக் காப்பாற்ற, இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரால் வோல்ட்டைப் பாதியாக்கி, 32 முதல் 39 வரையுள்ள அனலாக் பின் ஒன்றில் அளந்துகொள்ளுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது உதவாது. செல் 3.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் எழாமல் உறங்கும்படி புரோகிராமில் எழுதுங்கள். பாதுகாப்புச் சிப் உள்ள டிபி4056 மாட்யூலும் துண்டிக்கும்தான், ஆனால் 2.4 வோல்ட்டில். அது கடைசி வேலி. தினமும் அதுவரை இறக்கினால் செல்லின் ஆயுள் குறையும்.

அப்புறம் சார்ஜ். மாட்யூல் 1 ஆம்பியரில் ஏற்றுகிறது, 18650க்குச் சரி. பின்னால் 500 எம்ஏஎச் பை வடிவச் செல்லுக்கு மாறினால் அது மிக அதிகம். செல் சூடாகி உப்பக்கூடும். மாட்யூலில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 4 கிலோ ஓம் போட்டால் 300 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். ஏற்கெனவே உப்பிய செல் இருந்தால் அதைச் சார்ஜ் செய்யவோ குத்தவோ வேண்டாம், மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.